ஒன்பதாம் தகவலாளி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் தொலைபேசி வந்தது. பேசியவர் ஜெயக்கொடி, புறவழிச்சாலையில் இருக்கும் தனியார் கலைக் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறைத் தலைவர். இளங்கலை மாணவர்கள் தங்கள் ஆய்வுகளை வாசிக்கும் கருத்தரங்கு ஒன்று வருகிற பதின்மூன்றாம் தேதி நடக்கிறதாம். பிற்பகல் அமர்வுக்கு நான் தலைமை ஏற்று, கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட வேண்டுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "அழைப்பிதழ்ல உங்க பேரப் போட்டு அச்சுக்கும் குடுத்தாச்சு சார்" என்றார்.

என்னால் முடியுமா என்பது சந்தேகம். அரசுக் கல்லூரியில் ஓய்வு பெறும் வரை நான் நடத்தியது அரசியலமைப்பும் அரசியல் கோட்பாடும். எல்லாம் புத்தகத்திலிருந்து. கள ஆய்வு என்று ஒரு நாள்கூட எந்த ஊருக்கும் போய் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் பிள்ளைகளின் கள ஆய்வை எப்படி அளப்பது?

வள்ளிக்கண்ணுவிடம் சொன்னேன். என் மனைவிக்கு இந்த மாதிரி தயக்கங்களில் பொறுமை கிடையாது.

"போயிட்டு வாங்க. வீட்ல உக்காந்து கேஸ் மூடியிருக்கான்னு எத்தன தடவ பாப்பீங்க? அந்த சிலிண்டருக்கும் ஒரு நாள் ஓய்வு குடுங்க."

பிப்ரவரி 8, சனி

கட்டுரைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தேன். பெரும்பாலானவை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. மக்களாட்சியில் இளைஞர் பங்கு என்ற கட்டுரையில் ஒரே பத்தி இரண்டு இடத்தில் வருகிறது. ஒட்டியவருக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. ச. சங்கரேஸ்வரி, இளங்கலை மூன்றாம் ஆண்டு. தலைப்பு: "ஊர்ச் சத்தியமும் ரகசிய வாக்கும்". ஊரின் பெயரை மறைத்து "அ கிராமம்" என்று எழுதியிருக்கிறார்.

விஷயம் இது. அந்தச் சிற்றூர் முழுவதும் ஊராட்சியில் ஒரே வார்டு. போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் ஊர்க்கூட்டம் போட்டு, இன்னாருக்குத்தான் ஓட்டு என்று முடிவு செய்கிறார்கள். ஓட்டு உள்ள அத்தனை பேரும் அம்மன் முன்னால், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறார்கள். எதிர்த்து மனுப் போட்டிருந்த பெண்ணும் ஊருக்குக் கட்டுப்பட்டு அதே சூடத்தை அணைக்கிறாள். ஆனால் மனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்துவிட்டதால் ஓட்டுச்சீட்டில் அவள் பெயரும் சின்னமும் அப்படியே இருக்கின்றன. தேர்தலன்று அவள் அக்காளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்விட்டாள், ஓட்டே போடவில்லை. எண்ணும்போது பார்த்தால் அவள் சின்னத்தில் ஒரே ஓர் ஓட்டு.

அந்தக் கை யாருடையது என்று ஊர் இன்றுவரை தேடுகிறதாம். ஊராரில் பன்னிரண்டு பேரைச் சங்கரேஸ்வரி பேட்டி கண்டிருக்கிறார். பெயர் இல்லை, முதல் தகவலாளி, இரண்டாம் தகவலாளி என்று எண் மட்டும். ஒன்பதாம் தகவலாளி, அந்த ஓட்டு தன்னுடையது என்று சொன்னதாக ஒரு வரி வருகிறது.

ரகசிய வாக்கு என்பதை நான் பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு சூடம் எரியும் என்று நினைத்ததில்லை. அதிர்ந்துபோய் மறுபடி படித்தேன். ஒன்பதாம் தகவலாளி என்ற வரியின் அடியில் கோடு போட்டு ஓரத்தில் எழுதி வைத்தேன்: "எப்படி உறுதி செய்தீர்கள்?"

பிப்ரவரி 12, புதன்

வெள்ளைச் சட்டை தேய்த்து வந்தது. காலரில் மஞ்சள் கறை. நீலக்கோடு போட்டதையே உடுத்துவது என்று முடிவு.

பிப்ரவரி 13, வியாழன்

கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு தடபுடல். உபயம் வீரணன் என்பவர். செங்கல் சூளை வைத்திருக்கிறார். சேந்தன்வயல் என்ற ஊரின் அம்பலம், அதாவது கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர். சாப்பாடு போட்டவர் கையால் சான்றிதழ் வழங்குவது அந்தக் கல்லூரியின் வழக்கமாம். அதனால் பிற்பகல் முழுவதும் முன்வரிசையில், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். மற்ற விருந்தினர் யாரும் சாப்பாட்டுக்குப் பிறகு இல்லை. அவரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் ஏற்பட்டது.

சங்கரேஸ்வரியை மூன்றாவதாக அழைத்தேன். மெலிந்த பெண். மேடைக்கு வந்து முன்வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கூச்சம் என்று நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். குடித்தார். பேசத் தொடங்கியபின் நன்றாகவே பேசினார். ஆனால் ஒன்பதாம் தகவலாளி வரும் பக்கத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டார். நான்தான் அந்த இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேனே.

ஒலிவாங்கியில் கேட்டேன். "ஒன்பதாம் தகவலாளி சொன்னது உண்மை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?"

"அவங்களே சொன்னாங்க சார்."

"சொன்னால் போதுமா? யார் வேண்டுமானாலும் பெருமைக்குச் சொல்லலாமே."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல சார்."

"அது உங்கள் நம்பிக்கை. ஆய்வுக்கு நம்பிக்கை போதாது."

பின்வரிசையில் ஒரு பையன், "கதை விடுறா சார்" என்றான். சிரிப்பு எழுந்தது.

"அத இங்க சொல்ல வேணாம்னு பாக்குறேன் சார்" என்றார் சங்கரேஸ்வரி.

"அப்படியென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். கட்டுரையின் முடிவே அந்த வரியில்தான் நிற்கிறது. மதிப்பெண்ணும் அதைப் பொறுத்ததுதான்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி, சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினார். அவர்தான் இந்தப் பெண்ணின் ஆய்வு வழிகாட்டி. சங்கரேஸ்வரி மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"எண்ணும்போது அந்த ஓட்டுல முத்திரை சாஞ்சு, ஓரத்துல பாதிதான் விழுந்திருந்துச்சு சார். செல்லுமா செல்லாதான்னு ஏஜென்ட்டுக சண்ட போட்டாங்க. அது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஏன் சாஞ்சிருந்துச்சுன்னுதான் யாருக்கும் தெரியாது. அவங்க சொன்னாங்க. வலது கையில மாவுக்கட்டு இருந்துச்சு, எடது கையால குத்துனேன், அதான் கோணிக்கிருச்சுன்னு."

மெதுவாகத்தான் சொன்னார். ஒலிவாங்கி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊருக்குத் தெரிந்த விளைவும், போட்டவருக்கு மட்டுமே தெரிந்த காரணமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. "இதற்குப் பெயர்தான் சரிபார்ப்பு. இதைவிடக் கச்சிதமான சான்று இருக்க முடியாது" என்று சபைக்கே சொன்னேன். கைதட்டினார்கள். முதல் பரிசு அவருக்கே.

வீரணன் சான்றிதழைக் கொடுக்கும்போது அவரிடம் ஏதோ குனிந்து கேட்டார். பெண் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு வீரணன் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"நல்ல கேள்வி கேட்டீகய்யா."

நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். என்னைப் பற்றி நானே பட்ட பயம் வீண் என்று தோன்றுகிறது. மின்கட்டணம் கட்டினேன்.

சங்கரேஸ்வரி சான்றிதழை மேடை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாராம். ஜெயக்கொடி செய்தி அனுப்பியிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறை இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

மதியம் ஜெயக்கொடி பேசினார். அழுதிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. "அ கிராமம்" என்பது சேந்தன்வயல். சங்கரேஸ்வரி அந்த ஊர்ப் பெண். அந்தச் சூடத்தை ஏற்றியவர் வீரணன். இது எதுவும் ஜெயக்கொடிக்கே தெரியாதாம். ஊர்ப்பெயரை வழிகாட்டியிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறார் அந்தப் பெண்.

தேர்தல் சமயத்தில் சேந்தன்வயலில் கையில் மாவுக்கட்டோடு இருந்தது ஒரே ஒருவர். பெயர் பஞ்சவர்ணம். கணவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். வியாழன் மாலை வீரணன் ஊருக்குத் திரும்புவதற்குள், போன வழியிலேயே கைபேசியில் சொல்லிவிட்டாராம்.

"வெள்ளிக்கிழம மத்தியானம் சோறாக்கி வச்சுட்டு அந்தம்மா நிக்குறாங்க சார். பிள்ளைக எல்லாம் தட்டக் கவுத்து வச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. வீட்ல சொல்லி அனுப்பியிருக்காங்க, அவ கையால திங்கக் கூடாதுன்னு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ள ஒண்ணு பசி தாங்காம அழுதுச்சாம். அதோட அக்கா வாயப் பொத்திருக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருபத்தாறாம் தேதி சிவராத்திரி. அன்று அந்த ஊரில் மாசிக் களரி, அதாவது அம்மன் கோயில் திருவிழா. வீட்டுக்கு வீடு கோயிலுக்கு வரி கொடுப்பார்கள். ஊரை விட்டு ஒருவரைத் தள்ளி வைப்பது என்றால் அந்த ஊரில் அடிப்பதோ விரட்டுவதோ இல்லையாம். வரியை வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான். அதன்பின் அவரோடு யாரும் பேச மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு அழைக்க மாட்டார்கள், செத்தால் தூக்க மாட்டார்கள். களரியன்று பஞ்சவர்ணம் எல்லார் முன்னாலும் மறுபடி சூடம் அணைத்து, அந்த ஓட்டு நான் போடவில்லை என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வரி கிடையாது.

என் கேள்வி முறைப்படி சரியானதே. எந்த ஆய்வரங்கிலும் கேட்கக்கூடியது. அந்தப் பெண் பதில் சொல்ல மறுத்திருக்கலாம். இதை வள்ளிக்கண்ணுவிடம் சொன்னேன்.

"மறுத்துச்சுல்ல. நீங்க விட்டீங்களா?" என்றாள்.



பிப்ரவரி 17, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீரணன் வந்தார். வாழைத்தார் ஒன்றைத் தோளிலிருந்து தானே இறக்கி வைத்தார். இத்தனைக்கும் வாசலில் கார் ஓட்டுநர் இருந்தார். மிரட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே தயங்கினேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே ஆரம்பித்தேன். வாக்கு ரகசியமானது, யார் யாருக்குப் போட்டார் என்று கேட்பதே சட்டப்படி குற்றம் என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"தெரியும்யா. சட்டம் பொட்டிக்குள்ள. சத்தியம் பொட்டிக்கு வெளிய. நாங்க பொட்டியத் தொறக்கச் சொல்லல."

"அந்த அம்மாளைச் சாப்பாட்டு விஷயத்தில் இப்படிச் செய்வது..."

"நான் சொல்லலய்யா. ஊரு தானா செய்யுது. அம்மன் மேல அடிச்ச சூடம். அது பொய்யாப் போனா மழ தண்ணிக்கு யாரு பதில் சொல்றது? அந்த வருசத்துல இருந்து ஒவ்வொரு வீட்டுக் கெட்டதுக்கும் அந்த ஓட்டத்தான் காரணம் சொல்றாக. புருசன் செத்தவ, மாடு செத்தவன், எல்லாரும். நான் என்ன செய்ய?"

நான் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் எதுக்கு வந்தேன்னா, அந்தச் சபையில நீங்கதான் சொன்னீக, இதுக்கு மேல சாட்சி இல்லன்னு. படிச்சவக. எங்களுக்கு ஒறவும் இல்ல, பகையும் இல்ல. அந்தப் பிள்ள சொன்னது உண்மைன்னா உண்மைன்னு எழுதிக் குடுங்க. பொய்யின்னா பொய்யின்னு குடுங்க. காலேசு முத்திர வேணும். களரியில வாசிச்சுருவேன். உங்க எழுத்துக்கு மேல ஊரு பேசாது. பஞ்சவர்ணமும் சூடம் தொட வேண்டியதில்ல."

"நான் எழுதவில்லை என்றால்?"

"தொடணும்."

எழுந்து கும்பிட்டார். போகும்போது வள்ளிக்கண்ணுவிடம், தார் இன்னும் பழுக்கவில்லை, சாக்குப் போட்டு மூடி வையுங்கள் ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு மரியாதையான மனிதரிடம் நான் இவ்வளவு பயந்ததில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பிற்பகல் சங்கரேஸ்வரி வந்தார். கல்லூரிப் பையோடு நேராகப் பேருந்திலிருந்து. வள்ளிக்கண்ணு காபி கொடுத்தாள். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்தார். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். வள்ளிக்கண்ணு நம்பாமல் தோசைக்கல்லை வைத்தாள்.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதில்களையும் யோசித்து வைத்திருந்தேன். திட்டவில்லை. எழுத்து கேட்டு வீரணன் என்னிடம் வந்துபோனது அவருக்குத் தெரிந்திருந்தது.

போலீசுக்குப் போகலாமா என்றேன். "போலீசு ஒரு நாளைக்கு வரும் சார். அப்புறம் போயிரும். பெரியம்மா அங்கதான இருக்கணும்."

பெரியம்மா என்றால் உறவா என்று கேட்டேன். இல்லையாம். அடுத்த வீடு.

"பஞ்சவர்ணம் அம்மாள் சூடம் அணைத்து இல்லை என்று சொல்லிவிட்டால்?"

"மாட்டாங்க சார். முத தடவையும் அவங்க பொய்யாச் சத்தியம் பண்ணல. அப்படியே செய்யணும்னு நெனச்சுத்தான் பண்ணாங்க. முத்திரையக் கையில எடுத்த பெறகுதான் மாறிருச்சு."

கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க ஒருத்தராச்சும் கேக்கணும் சார்" என்றார். பேட்டியின் ஒலிப்பதிவு. பின்னால் ஆடு கத்தும் சத்தம். ஒரு பெண்ணின் குரல், அவசரமில்லாத குரல். என் நினைவில் இருக்கும்வரை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்குப் போட்டேன்னா கேக்குற? பெரிசா ஒண்ணும் இல்லடீ. உள்ள போனனா, ஓட்டுச் சீட்டுல அந்தப் பிள்ளையோட சின்னம் இருந்துச்சு. நான் கை ஒடிஞ்சு கெடந்தப்ப அதுதான் வண்டியில வச்சு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. நாளைக்கு எண்ணுவாக, இதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு வாசிப்பாகளே, அது காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்னு தோணுச்சு. ஒண்ணு இருந்தா முட்டை இல்லைல்ல. சரி, ஒண்ணு கெடக்கட்டும்னு குத்திட்டேன். சாமி வஞ்சா வாங்கிக்கிறேன். சாமிக்கும் எனக்கும் உள்ளது."

வாக்களிக்கும் நடத்தை குறித்த கோட்பாடுகளை ஆண்டுக்கணக்கில் நடத்தியிருக்கிறேன். சாதி, வர்க்கம், கட்சி விசுவாசம், பயன் கணக்கு. எதிலும் இது அடங்காது. வள்ளிக்கண்ணு அடுக்களை வாசலில் தோசைக்கரண்டியோடு நின்றிருந்தாள். கருகும் வாசனை வந்தது.

பிறகு சங்கரேஸ்வரி செய்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. கைபேசியை எடுத்தார், அந்தப் பதிவை அழித்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இப்ப ஆதாரம் இல்ல சார். நீங்க எழுதலாம்."

"என்ன எழுத?"

"ஒன்பதாம் தகவலாளின்னு யாரும் இல்ல, நானாக் கட்டி எழுதுனேன்னு."

இட்டுக்கட்டிய தரவு என்று முடிவானால், பட்டத்துக்காக இதே பேட்டிகளை வைத்து அவர் எழுதிய ஆய்வேட்டை ரத்து செய்வார்கள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். முதுகலைக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கப் போவதாக அவர் கட்டுரையின் முகப்புக் குறிப்பிலேயே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் என்றார்.

"வேண்டாம். என் கேள்வி தவறு என்று எழுதிக்கொடுக்கிறேன்."

"கேள்வி தப்புன்னா பதில் சரின்னு ஆயிரும்ல சார்."

தர்க்கத்தில் எனக்கு இப்படி யாரும் பதில் சொன்னதில்லை.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார்" என்றார். "வாயத் தொறந்தது நான்தான். கைதட்டுனாங்கள்ல, அப்ப ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமாக்கூட இருந்துச்சு."

கருகிய தோசையை எடுத்துவிட்டு வள்ளிக்கண்ணு புதிதாக வார்த்துக் கொடுத்தாள். எண்ணிக்கை பார்க்காமல் போட்டாள். அவரும் சாப்பிட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

கல்லூரி முதல்வருக்குத் தொலைபேசி செய்து, கட்டுரையை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னேன். நல்லது என்றார். வீரணன் அவரையும் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை விசாரணை.

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. இரத்த அழுத்தம் அதிகம்.

பிப்ரவரி 22, சனி

எழுதிவிட்டேன்.

பொய்க்கும் முறை வேண்டியிருக்கிறது. உண்மையை எழுதினால் ஒரு விரிசல் இருந்தாலும் தாங்கும், பொய் தாங்காது. பஞ்சவர்ணத்துக்குக் கை முறிந்திருந்தது உண்மை. முத்திரை சாய்ந்திருந்தது உண்மை. இந்த இரண்டையும் மறுத்தால் ஊர் நம்பாது. அதனால் இரண்டையும் ஒப்புக்கொண்டு இப்படி எழுதினேன்:

"ஆய்வாளர் அதே ஊரைச் சேர்ந்தவர். முத்திரை சாய்ந்திருந்தது என்ற ஊரறிந்த செய்தியையும், ஊரில் ஒருவருக்குக் கை முறிந்திருந்தது என்ற ஊரறிந்த செய்தியையும் தன் கற்பனையால் இணைத்து, நடக்காத ஒரு பேட்டியை நடந்ததாக எழுதியுள்ளார். அவசரத்தில் பதித்தாலும் முத்திரை சாயும். கருத்தரங்கில் இதனைச் சான்றாக ஏற்றது மதிப்பீட்டாளரின் பிழை."

கடைசி வாக்கியம் ஒன்றைத்தான் மனதார எழுதினேன். அதுவும் வேறு பொருளில்.

வள்ளிக்கண்ணுவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாப்பத்தெட்டு வருசமா உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

பாராட்டா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. முதல்வர், ஜெயக்கொடி, நான். சங்கரேஸ்வரியை உட்காரச் சொன்னார்கள். நின்றார்.

முதல்வர் என் அறிக்கையை வாசித்து, இதை ஒப்புக்கொள்கிறாயா என்றார்.

"ஆமா சார். நானா எழுதுனதுதான்."

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"பரிசு கெடைக்கும்னு சார்."

இதை அவர் தயக்கமில்லாமல் சொன்னார்.

ஜெயக்கொடி பொறுக்க முடியாமல் குறுக்கிட்டார். "சார், என் மாணவி இப்படிச் செய்ற பிள்ள இல்ல. பொங்கலுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு ரெக்கார்டிங் போட்டுக் காட்டினா. ஒரு அம்மா பேசுறாங்க. ஆடு கூட கத்துச்சு. ஏய் சங்கரி, அது பொய்யா? சொல்லு. ஏன் உன் படிப்ப நீயே கெடுத்துக்குற?"

சங்கரேஸ்வரி என்னைப் பார்த்தார். அன்று முன்வரிசையைப் பார்த்த அதே பார்வை. அன்று அதைக் கூச்சம் என்று நினைத்தேன்.

நான் யாருடைய பேச்சிலும் குறுக்கே பேசியவன் அல்ல. ஆசிரியர் மன்றக் கூட்டங்களில்கூடக் கையைத் தூக்கிவிட்டு, யாரும் பார்க்காவிட்டால் இறக்கிவிடுவேன்.

"அந்தப் பதிவை நான் கேட்டேன்" என்றேன். "அது நான்காம் தகவலாளி. ஓட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆட்டுக்குத் தழை இல்லை என்று பேசுகிறார்."

ஜெயக்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பதிவில் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பிறகு தலையைக் குனிந்து, "அப்ப நான்தான் மாத்தி நெனச்சுட்டேன் போல சார்" என்றார்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வேற ஏதாவது கேக்கணுமா சார்?"

கேள்வி இருந்தது. எந்த மதிப்பீட்டாளரும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. பன்னிரண்டு பேட்டிகளில் பதினொன்றை உண்மையாக எடுத்தவர் ஒன்றை மட்டும் ஏன் புனைய வேண்டும்? அதைக் கேட்டால் அறிக்கை ஐந்து நிமிடம் நிற்காது.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

ஆய்வேடு ரத்து. பரிசு ரத்து. அடுத்த ஆண்டு புதிய தலைப்பில் மறுபடி எழுத வேண்டும். முதல்வர் அறிக்கையில் முத்திரை குத்தினார். நேராக விழுந்தது. அறிக்கை தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்.

வெளியே வராந்தாவில் சங்கரேஸ்வரி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார். இரண்டரை மணி வண்டியை விட்டால் அடுத்தது மாலைதானாம்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. வள்ளிக்கண்ணு கோயிலுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் தொலைபேசி அடித்தது. சங்கரேஸ்வரி.

களரியில் வீரணன் அறிக்கையை ஒலிபெருக்கியில் முழுக்க வாசித்தாராம். முத்திரை இருக்கும் பக்கத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாராம். பிறகு வரி வாங்கத் தொடங்கினார்கள். பஞ்சவர்ணத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். திருநீறும் கொடுத்தார்கள்.

"சூடம்?"

"கேக்கல சார்."

"பள்ளிக்கூடத்தில்?"

"இன்னைக்குப் பிள்ளைக சாப்புடும் சார். நேத்தே சொல்லிட்டாங்க."

நல்லது, நல்லது என்று இரண்டு முறை சொன்னேன். உன்னை ஊரில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"பொய்க்காரின்னு கூப்புடுறாங்க சார். சின்னப் பிள்ளைகளும். எங்கப்பா ரெண்டு நாளா வீட்ட விட்டு வெளிய போகல."

"பஞ்சவர்ணம் அம்மாள் உங்களிடம் பேசினாரா?"



"பேசுனாங்க சார். களரியில, எல்லார் முன்னாடியும். என் பேர ஏன்டி கெடுத்த, நீ வெளங்குவியான்னு வஞ்சாங்க. மண்ண அள்ளித் தூத்துனாங்க. நான் அவங்கள அப்படிப் பாத்ததே இல்ல. அப்படி வைய்யலைன்னா ஊரு நம்பாதுல்ல. நல்லா வஞ்சாங்க சார். கை மட்டும் நடுங்குச்சு."

பக்கத்தில் எங்கோ பேருந்து ஒலி எழுப்பியது. வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

இருக்கிறேன் என்றேன்.